கரி அடுப்பும் ஈர மணலும்: ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் கற்றவை

நான் வளர்ந்தது விழுப்புரம் சந்திப்பை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில். அப்பா லோகோ ஷெட்டில் வேலை பார்த்தார். 1960களின் பிற்பகுதியில் சென்னைப் பக்கமிருந்து வரும் மீட்டர் கேஜ் வண்டிகளை மின்சார எஞ்சின் இழுத்து வரும். விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினைப் பூட்டித் தெற்கே அனுப்புவார்கள். ரயிலையே இழுக்கும் அளவுக்கு மின்சாரம் வந்து சேர்ந்திருந்த அந்த ஊரில், தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் சமையலறையில் அதற்கு ஒற்றை பல்பை எரிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. சமையல், வெந்நீர், இஸ்திரி ஆகிய அனைத்தும் கரியில் நடந்தன. பாலையும் மாவையும் காய்கறியையும் கெடாமல் வைத்திருக்கும் பொறுப்பு மண்பானைக்கும், காற்றுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் கணக்குக்கும் உரியதாக இருந்தது.

அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆயினும் 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பிறகு, பட்டுக்கோட்டையில் மகள் வீட்டில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, பழைய பழக்கங்களில் எவை இன்றும் கைகொடுக்கின்றன, எவை வெறும் நம்பிக்கை, எவை உயிருக்கே ஆபத்தானவை என்று பிரித்துப் பார்க்கும் தேவை வந்தது. அந்தப் பிரிப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கரி அடுப்பின் வேலை கரிக்கடையிலேயே தொடங்கிவிடும். வேலங்கரி கனமாக இருக்கும், நின்று எரியும். இலேசான மரத்தின் கரி சட்டெனப் பற்றிச் சட்டெனச் சாம்பலாகும். "ரெண்டு கரியை எடுத்துத் தட்டிப் பாரும்மா, கணீர்னு கேக்கணும்" என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவார். நன்றாக வெந்த கரியில் அந்த ஒலி வரும். உள்ளே மரமாகவே நின்றுவிட்ட கரி மொத்தென்று ஒலிக்கும், அடுப்பில் போட்டால் புகையும். எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்து விற்கும் வழக்கமும் இருந்தது. ஈரக்கரி பற்றுவதற்குள் வெடித்துப் பொறி பறக்கும் என்பதால், வாங்கி வந்ததை முற்றத்து வெயிலில் ஒரு பொழுது பரப்பிய பிறகே கோணிக்குள் போடுவோம். கோணியின் அடியில் தங்கும் தூளை யாரும் கொட்டியதில்லை. அதனுடன் சாணமும் கொஞ்சம் களிமண்ணும் சேர்த்து உருண்டை பிடித்துக் காயவைத்தால், அடுப்பு தணியும் நேரத்தில் மேலே போட்டுச் சூட்டை நீட்டிக்க உதவும். களிமண் அதிகமானால் உருண்டை எரியாது, குறைந்தால் உதிர்ந்துவிடும். கையில் பிடிக்கும்போது விரிசல் விடாத பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ரயில்வே குடியிருப்புக்கு என்று இன்னொரு கரியும் உண்டு. எஞ்சினின் நெருப்புப் பெட்டியைச் சுத்தம் செய்து தள்ளும் சாம்பலில் வெந்தும் வேகாததுமான நிலக்கரித் துண்டுகள் கிடக்கும். அவற்றைச் சலித்துப் பொறுக்கும் பெண்கள் கூடையுடன் வாசலுக்கே வந்து விற்பார்கள். ஒருமுறை எரிந்து அடங்கியது என்பதால் பச்சை நிலக்கரியின் கரும்புகை அதில் குறைவு. ஆனாலும் கந்தக நெடி இருக்கும் என்பதால் அம்மா அதைச் சமையலுக்கு எடுத்ததே இல்லை, கொல்லைப்புறத்து வெந்நீர் பாய்லருக்கு மட்டுமே ஒதுக்கினார். அதன் பிறகு நெய்வேலியிலிருந்து 'லெகோ' வந்தது. பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அச்சில் அழுத்தி, காற்றுப் படாமல் சுட்டுத் தயாரித்த அந்தக் கட்டிகள் மரக்கரியைவிட மெதுவாகப் பற்றும். அடியில் மரக்கரித் துண்டுகளை வைத்துத் தணலாக்கி, அதன் மேல் லெகோவை அடுக்க வேண்டும். பற்றிய பிறகு புகை அதிகம் இல்லாமல், கரியைத் தொடர்ந்து போட வேண்டிய அவசியமும் இல்லாமல் நெடுநேரம் ஒரே சீராகச் சூடு தரும். பருப்பு வேகவைப்பதற்கு அதற்கு நிகரான எரிபொருளை நான் பார்த்ததில்லை.

எங்கள் கரி அடுப்பான குமுட்டியை மூட்டுவது அரை மணி நேர வேலை. கொல்லையில் வைத்து, அடியில் சிறு கரிகளைப் பரப்பி, தேங்காய் நாரில் சில துளி கிருஷ்ணாயில் விட்டுப் பற்றவைத்து, கீழ்வாய்க்கு நேராகப் பனையோலை விசிறியால் வீச வேண்டும். மேலே வீசினால் சாம்பல் பறப்பதைத் தவிர வேறு பலன் இல்லை. இவ்வளவு பாடுபட்டு மூட்டிய நெருப்பை ஒரு நிமிடம்கூடச் சும்மா எரியவிட யாருக்கும் மனம் வராது என்பதால், அன்றைய சமையலின் வரிசையை அடுப்பே தீர்மானித்தது. புகை அடங்கிக் கரி சிவந்ததும் காபிக்கான வெந்நீர், உச்சச் சூட்டில் சோற்று உலை, அது இறங்கியதும் பருப்பு, பிறகு குழம்பு, தணல் மேல் சாம்பல் படியத் தொடங்கும்போது ரசம், கடைசியில் நீறு பூத்த தணலில் பால் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். அதன் பிறகும் மிச்சமிருக்கும் கங்குகளை இடுக்கியால் எடுத்து இஸ்திரிப் பெட்டியில் போட்டு அப்பாவின் சட்டையைத் தேய்ப்போம். ஆறிய சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும். இந்த வரிசையில் எதுவும் அலங்காரத்துக்காக வந்ததன்று. பால் ஏன் கடைசி என்றால், தணியும் சூட்டில் அது பொங்கி வழியாமல் நெடுநேரம் நின்று காயும். காவலுக்கு ஆள் தேவைப்படாது.

ரசத்தின் இடமும் அப்படித்தான் அமைந்தது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை அது தொடும் உலோகம் 100 டிகிரியை விட்டு அதிகம் ஏறாது என்பதால் சொம்பு தப்பிக்கும். நீர் வற்றினாலோ, தழல், அதாவது தீக்கொழுந்து, பக்கவாட்டில் ஏறி நீர்மட்டத்துக்கு மேலே பட்டாலோ சொம்பு ஓட்டையாகும். தணிந்த கரி அடுப்பில் தழலே இல்லை என்பதால் அந்தக் கவலை குறைவு. இன்று கேஸ் அடுப்பில் வைப்பவர்கள் சிறு பர்னரில், தழல் சொம்பின் அடியைவிட்டு வெளியே வராத அளவுக்குக் குறைத்து, முதலில் ரசத்தை ஊற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். வாங்கும்போது காரீயம் கலவாத வெள்ளீயம்தானா என்று நம்பகமான கடையில் உறுதி செய்துகொள்வது அதைவிட முக்கியம். காரீயம் உடலில் சேரும் நஞ்சு.

வெந்நீர் பாய்லர் என்பது நடுவில் குழாயும், அதற்குள் நெருப்பும், சுற்றிலும் நீரும் கொண்ட செப்புக் கலம். நெருப்பின் எல்லாப் பக்கமும் நீரே இருப்பதால், அண்டாவை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவதைவிட மிகக் குறைந்த கரியில் வேலை முடியும். வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்தால், மேலே ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது வீட்டின் எழுதாத சட்டம். நீர் இல்லாமல் மூட்டினால் பற்றுவைத்த இடங்கள் இளகி ஒழுகத் தொடங்கும்.

இப்போது ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரி தழலின்றிச் சிவந்து கனலும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வெளியாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. கண்ணை எரிக்காது, இருமலும் வராது. புகை இல்லாத தணல் பாதுகாப்பானது என்ற எண்ணம்தான் பலரைக் கொன்றிருக்கிறது. எங்கள் ஓட்டு வீட்டில் சமையலறைக்குக் கதவே கிடையாது, ஓட்டிடுக்குகள் வழியே காற்று ஓயாமல் போய் வந்துகொண்டிருக்கும். நாங்கள் பிழைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் தணல் சட்டி வைத்துச் சாம்பிராணி போடுவார்கள். குளிருக்காக அந்தச் சட்டியை இரவிலும் அங்கேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவதைப் பாட்டி கடுமையாகத் தடுப்பார். காரணம் கேட்டால் "தலை கனத்துப் போகும்" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அது சரியான அறிகுறிதான்: தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு நினைவிழப்பு. உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் இறந்த செய்தி இன்றும் வருகிறது. இன்றைய காங்கிரீட் வீடும் கண்ணாடிச் சன்னலும் எங்கள் ஓட்டு வீட்டைப்போல் காற்றை விடுவதில்லை. சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. கரி எரிய வேண்டிய இடம் திறந்த வெளி மட்டுமே.

மரத்தூள் அடுப்பு, பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ் எல்லாம் எங்கள் வீட்டிலும் இருந்தன. மரத்தூள் அடுப்பின் நடுவில் புட்டியை நிறுத்திச் சுற்றிலும் தூளை இறுகக் குத்தி, பிறகு புட்டியை உருவி எடுக்கும் வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். சிக்கனம் என்று இன்று நாம் புகழும் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு பெண்ணின் முதுகிலும் கண்களிலும் நடந்தது. கேஸ் இணைப்பு வந்த அன்று குமுட்டியைத் தூக்கிக் கொல்லையில் வைத்த அம்மா, பிறகு பொங்கலுக்குக்கூட அதைத் தொடவில்லை.

குளிர்ச்சியின் கதை வேறு மாதிரியானது. கோத்ரெஜ் நிறுவனம் 1958லேயே இந்தியாவில் குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கத் தொடங்கிவிட்டது என்றாலும், எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது எட்டாப் பொருள். குளிர்ச்சி இல்லாத இடத்தில் நேரம்தான் காவல். பாலைக் கறந்த சூட்டோடு வாங்கியதும் காய்ச்சுவது, கோடையில் மதியம் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மீண்டும் பொங்கவிடுவது, பழைய பாலில் புதுப் பாலை ஒருபோதும் கலக்காமல் இருப்பது, பால் பாத்திரத்தைக் கொதிநீரால் அலசியே பயன்படுத்துவது ஆகிய நான்கும் தவறாமல் நடந்தன. இரவுக்கு மிஞ்சும் பாலைத் திரியும்வரை வைத்துப் பார்ப்பதில்லை. வெதுவெதுப்பாக இருக்கும்போதே உறை ஊற்றிவிடுவோம். சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்குவதும், புளிக்குழம்பு மிஞ்சினால் சுண்டவைப்பதும் அதே யோசனைதான்: கெடப்போகும் பொருளை, கெடத் தாமதமாகும் இன்னொரு பொருளாக நேரத்தோடு மாற்றிவிடுவது. தேங்காய் சேர்த்த கூட்டுக்கும் பருப்புக்கும் அந்த வழி கிடையாது என்பதால் அவை அளவாகச் சமைக்கப்பட்டன. மதியத்துக்கு மேல் அவற்றை அம்மா யாருக்கும் பரிமாறியதில்லை.

சமையலறையின் காற்றோட்டமான மூலையில் ஆற்று மணலைக் கொட்டி, நனைத்து, அதன் மேல் பானை இருக்கும். அகலமான தட்டில் நீர் ஊற்றி, நடுவில் பால் பாத்திரத்தை வைத்து, அதன் மேல் போர்த்திய துணியின் நுனிகள் தட்டு நீரில் தோயும்படி விடுவதும் உண்டு. ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது சுற்றிலுமிருந்து 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக 580 கலோரி அளவுக்குத் தேவைப்படுகிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் ஆவியாகும் நீர் பனிக்கட்டியைவிட ஏழு மடங்கு வலியது. ஆனால் அந்த நீர் ஆவியாக வேண்டுமே! பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் பானை நீர் பல்லைக் கூசவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அதே பானை ஏறக்குறைய எதுவும் செய்யாது. அலமாரிக்குள்ளோ கதவு சாத்திய அறையிலோ வைத்த பானைக்கும் அதே கதிதான். இட்லி மாவின் மேல் வெற்றிலை போட்டால் புளிக்காது என்று பாட்டி நம்பினார். நான் பார்த்த அளவில், பாத்திரத்தை நீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்ததும், கோடையில் அரைக்கும் அளவைக் குறைத்ததும்தான் மாவைக் காப்பாற்றின.

ஐஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது காய்ச்சலுக்கு மட்டுமே. கடைத்தெருவில் இருந்த சோடாக் கடையில் மரத்தால் செய்து உள்ளே தகரம் அடித்த பெரிய ஐஸ் பெட்டி இருந்தது. மரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் மரத்தூள் திணித்திருப்பார்கள். ஐஸ் ஃபாக்டரியிலிருந்து உமியும் சாக்கும் போர்த்தி வரும் ஐஸ் பாரை, அதாவது பெரிய ஐஸ் கட்டியை, ஊசிக் கம்பியால் குத்தி உடைத்து, உமியில் பொதிந்து கொடுப்பார் கடைக்காரர். ஐஸ் பைக்குள் போட்டு நெற்றியில் வைப்பதற்கு அது. குடிக்கும் எதிலும் போட அம்மா விடமாட்டார், ஏனெனில் அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த எச்சரிக்கை மீன் சந்தை ஐஸுக்கும் தெருவோர ஐஸுக்கும் இன்றும் பொருந்தும்.

மரத்தூளின் வலிமை என்னவென்று சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தின் கதையைப் படித்தபோதுதான் முழுமையாக விளங்கியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகரான பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் கப்பலில் 180 டன் ஏற்றப்பட்டது. நான்கு மாதம் கடலில் வந்த பிறகும் அதில் 100 டன் அளவுக்கு மீந்திருந்தது. சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பிய கட்டடமே ஐஸ் ஹவுஸ். செயற்கை ஐஸ் வந்ததும் அந்த வணிகம் முடிந்தது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். நெருக்கி அடுக்கிய பெரிய கட்டிகளும், காற்றைச் சிறைப்படுத்தும் தூளும்தான் அந்தப் பனிக்கட்டியை அவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தன.

கஜாவுக்குப் பிறகு பட்டுக்கோட்டையில் இந்த அறிவு வெவ்வேறு அளவில் பயன்பட்டது. மின்சாரம் போனதும் ஃபிரிட்ஜை அடிக்கடி திறந்து பார்க்காமல் இருந்தால், கீழ்த்தட்டுப் பொருட்கள் நான்கு மணி நேரம் வரையிலும், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் இரண்டு நாள் அளவிலும் தாங்கும். அந்த அவகாசத்துக்குள் மகள் வீட்டுப் பாலையெல்லாம் தயிராக்கினோம், மாவை அன்றே சுட்டு முடித்தோம், மீனுக்கு உப்பிட்டோம். சில நாட்கள் கழித்து வெளியூரிலிருந்து ஐஸ் பார் வந்தபோது, சீக்கிரம் உருகிவிடக் கூடாதென்று அதைக் கம்பளியில் சுற்றித் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தார் மருமகன். ஐஸ் உருகினால்தான் பெட்டிக்குள் குளிர்ச்சி. அதையே கம்பளியில் சுற்றினால் ஐஸ் பிழைக்கும், பால் கெடும். கம்பளி பெட்டியின் வெளிப்புறத்துக்கு உரியது. குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் ஐஸ் மேலேயும் பொருள் கீழேயும் இருக்க வேண்டும்; உருகிய நீர் உணவில் படாதபடி மூடிய பாத்திரங்களையே வைக்க வேண்டும்.

சம்பந்தியம்மாவின் இன்சுலின்தான் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது. அதை ஐஸில் புதைத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உறைந்த இன்சுலின் பயனற்றது, பிறகு இளகினாலும் அதைப் போடக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் வெளியே வைத்திருக்கலாம் என்பது உடன் வரும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பல வகைகளுக்கு 30 டிகிரிக்குக் கீழே நான்கு வார அளவு என்று இருக்கும். எனவே பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், சின்னப் பானைக்குள் நெகிழிப் பையில் கட்டிய மருந்து என்று வைத்து, திண்ணையில் காற்றுப் படும் நிழலில் நிறுத்தினோம். கார்த்திகை ஈரத்தில் பானை அதிகம் குளிராது என்று தெரிந்தாலும், பகல் வெயிலின் ஏற்றத்தை அது தணித்தது. இரவின் குளிர்ச்சி மீதியைப் பார்த்துக்கொண்டது. திறக்காத குப்பிகளை மின்சாரம் இருந்த ஊரில் உறவினர் வீட்டு ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிட்டோம்.

சிலிண்டர் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மகள் அப்போது ஒரு குமுட்டி வாங்கினாள். ஊர் முழுக்கத் தென்னை விழுந்து கிடந்தாலும் பச்சை மரமும் மட்டையும் எரியவில்லை, கொட்டாங்கச்சிதான் எரிந்தது. இப்போது அவள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், தரையின் ஈரம் ஏறாதபடி பலகை மேல் ஒரு கோணி காய்ந்த கொட்டாங்கச்சியும் அந்தக் குமுட்டியும் எப்போதும் இருக்கின்றன. மழை பெய்தாலும் சரி, அடுப்பைக் கொட்டகையை விட்டு வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பேரப்பிள்ளைகள் வரை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.